ஒன்பது விரல் பாடம்

"முன்பு மக்கள் துணிகளைக் கையால் துவைத்தார்கள்" என்று இங்கிலீஷில் சத்தம்போட்டுச் சொல்லிவிட்டு, புருல் ஒரு சொத்தைப் பயறை எடுத்து வாளியில் எறிந்தாள்.

"என்னடி அர்த்தம் அதுக்கு?" என்றாள் மாமியார் பாத்மா. தார்ப்பாயின் மறுபக்கம் காலை நீட்டி உட்கார்ந்து அவளும் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

புருல் அர்த்தம் சொன்னாள்.

"இப்ப மட்டும் காலாலயா துவைக்கிறோம்? வேலை வெட்டி இல்லாதவன் எவனோ இதை ஒரு புஸ்தகமாப் போட்டிருக்கான், அதை நீ நாள் பூரா கத்திக்கிட்டிருக்கே."

"பரீட்சையில கேப்பாங்களாம் அத்தை."

"கேக்கட்டும். என்னைக் கேட்டா நான் பதில் சொல்றேன். தண்ணிக் குழாய் உறைஞ்சு கிடக்கு, வந்து துவைச்சுக் காட்டுங்கன்னு சொல்றேன்."

கோக்-சாய் கிராமத்தில் அந்த வருஷம் எல்லா முற்றத்திலும் அவரைப்பயறு குவிந்து கிடந்தது. தலாஸ் பள்ளத்தாக்கில் மண் என்றால் அவரை, அவரை என்றால் காசு என்றிருந்த காலம்தான் அது. ஆனால் துருக்கி வியாபாரிகள் இன்று வருவார்கள் நாளை வருவார்கள் என்று செப்டம்பரிலிருந்து பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. கொடியைப் பிடுங்கி, காயவைத்து, டிராக்டரை மேலே ஓட்டி, காற்றில் தூற்றி எடுத்த பயறை, பெண்கள் முழங்கால் விறைக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். வாங்க ஆள் இல்லாத பயறை இவ்வளவு சுத்தமாகப் பொறுக்கி வைத்த ஊர் உலகத்தில் வேறு இருக்காது.

புருலின் கணவன் குபாத் ஒன்பது வருஷம் மாஸ்கோவில் தரைக்கு ஓடு பதித்தவன். அப்பா செத்துப்போனதற்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது விமான நிலையத்தில் ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து அவன் முற்றத்தில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். நன்றாக இருப்பதையும் கழற்றினான்.

இனி வெளியே போய்ச் சம்பாதிக்க அந்த வீட்டில் மிச்சம் இருந்தது புருல் ஒருத்திதான். இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரி பறிக்க ஆறு மாசத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். கை வேலை தெரிய வேண்டும், கொஞ்சம் இங்கிலீஷ் பேச வேண்டும். கை வேலைக்குத் தலாஸ் பெண்களை யாரும் சோதிக்கத் தேவையில்லை. இங்கிலீஷ்தான் சிக்கல். கிடைத்தால் அடுத்த குளிர்காலத்துக்கு நிலக்கரியும் மகள் ஐபீகேக்குப் பள்ளிக்கூடச் செலவும் ஆயிற்று. கிடைக்காவிட்டால் குபாத் இன்னும் எதையெல்லாம் கழற்றுவான் என்று சொல்ல முடியாது.

வகுப்பை நடத்தியவள் சோனுன்பூ டீச்சர். இருபத்தெட்டு வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். ஒரு இங்கிலீஷ்காரரையும் நேரில் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. தலைநகரின் பழைய புத்தகச் சந்தையில் அவளுக்கு ஒரு புத்தகம் கிடைத்திருந்தது. வீட்டுச் சாமான்களின் வரலாற்றைச் சொல்லி அதன் வழியாக இலக்கணம் கற்றுத்தருகிற புத்தகம். விளக்கில் ஆரம்பித்து இஸ்திரிப்பெட்டி, வாஷிங் மெஷின், டெலிபோன் என்று போகும். அந்தப் புத்தகத்தின்படி உலகம் நல்லதை நோக்கி மட்டுமே நடக்கும். முதலில் ஒரு சாமான் இருக்காது, ஜனங்கள் கஷ்டப்படுவார்கள். பிறகு யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடிப்பார். பிறகு மின்சாரம் வரும். அடுத்த படத்தில் ஒரு பெண் ஏப்ரன் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாள்.

எட்டுப் பேர் படித்தார்கள். மூத்தவள் அசில்கான், நாற்பத்தொரு வயது, புருல் வீட்டுக்கு எதிர்வீடு. மற்றவர்களும் அதே தெரு, அடுத்த தெரு. எல்லோருக்கும் இளையவள் புருல், அந்தத் தெருவுக்குக் கடைசியாக வந்த மருமகள். வகுப்பறை அடுப்பில் கரி போடுவதும் கரும்பலகை துடைப்பதும் யாரும் சொல்லாமலே அவள் வேலையானது.

"போன தடவை போனவங்ககிட்ட என்ன கேட்டாங்களாம் தெரியுமா?" என்றாள் டீச்சர் ஒருநாள். "உங்க வீட்டுல இருக்கற ஒரு சாமானைப் பத்தி ஒரு நிமிஷம் பேசுங்கன்னு. அவ்ளோதான் பரீட்சை. ஆளுக்கு ஒண்ணு எழுதிட்டு வாங்க. இறந்தகாலத்துல எழுதணும்."

"நிகழ்காலத்துல எழுதினா என்ன டீச்சர்?" என்றாள் அசில்கான்.

"நிகழ்காலத்துல உன் வீட்டுல என்ன இருக்குடி எழுதறதுக்கு?"

அடுப்புப் பக்கத்திலிருந்து எல்லோரும் சிரித்தார்கள். அசில்கானும் சிரித்தாள்.

மறுநாள் பகலில், பாத்மா மாட்டைப் பார்க்கப் போன நேரத்தில், புருல் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். டெலிபோனைப் பற்றி எழுதத்தான் நினைத்தாள். கை தானாக எழுதியது வேறு.

அவளுடைய அம்மாவுக்குப் பால் அதிகம் கறந்து கொடுத்ததற்காகக் கூட்டுப்பண்ணையில் ஒரு வாஷிங் மெஷின் பரிசு கொடுத்திருந்தார்கள். புருல் பிறப்பதற்கு முன்பு நடந்தது அது. உருண்டையாக, ஒரு பெரிய அண்டா போல இருக்கும். அதில் ஒருநாளும் துணி துவைத்ததில்லை. இவ்வளவு நல்ல சாமானில் அழுக்குத் துணியைப் போட யாருக்கு மனசு வரும்? அம்மா அதில் பாலாடை கடைந்து வெண்ணெய் எடுத்தாள். அந்தப் பக்கத்தில் நிறைய வீடுகளில் அப்படித்தான். துணியை ஆற்றில் கையால் துவைத்தாள்.

புருலுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒருநாள் பாதிக் கடைசலில் மின்சாரம் போய்விட்டது. போனால் சாயங்காலம்தான் வரும். அம்மா ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினுக்குள் கையை விட்டு, விளிம்பு உடைந்த சுழல்தட்டில் ஒட்டியிருந்த வெண்ணெயை வழித்துக்கொண்டிருந்தாள். புருல் ப்ளக்கை எடுத்துச் சுவரில் சொருகினாள். எதற்கு? மின்சாரம்தான் இல்லையே, சும்மா. அப்போது பார்த்து மின்சாரம் வந்தது.

விரலை ஜில்லா ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். புல் வெட்டும் மெஷினில் மாட்டிக்கொண்டது என்று அம்மா ஊர் முழுக்கச் சொன்னாள். அப்பாவிடமும் அதையே சொன்னாள். சாகிற வரைக்கும் மாற்றிச் சொல்லவில்லை, ஒன்பது விரலோடு அதே மாடுகளைக் கறந்தாள். புருலிடம் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அதுதான் புருலுக்குத் தாங்கவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாகத் தன் பாஷையில் யாரிடமும் சொல்ல வாய் வராத அந்த விஷயத்தை, அரைகுறையாகத் தெரிந்த ஒரு பாஷையில் அவள் பன்னிரண்டு வரியில் எழுதி முடித்துவிட்டாள். அந்தப் பாஷையில் அவளைத் திட்ட யாரும் இல்லை. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது, பசி எடுத்தது. ரொட்டியில் கெட்டிப் பாலாடையைத் தடவித் தின்றாள்.

வகுப்பில் மற்ற ஏழு பேரும் புத்தகத்தில் இருந்ததையே பார்த்து எழுதி வந்திருந்தார்கள். சோனுன்பூ டீச்சர் புருலின் நோட்டை எடுத்து நின்றபடியே உரக்கப் படித்தாள்.

"எங்கள் வீட்டில் ஒரு வாஷிங் மெஷின் இருந்தது. அது துணி துவைக்கவில்லை. அது வெண்ணெய் கடைந்தது..."

"நான் ப்ளக்கைச் சொருகினேன். மின்சாரம் வந்தது" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு பாடம் எவளும் எழுதினதில்ல. எங்கேர்ந்துடி பிடிச்சே இதை?"

புருல் தரையைப் பார்த்தாள். "சும்மா எழுதினேன் டீச்சர்."

"நல்லா எழுதியிருக்கே. எல்லாரும் நோட்டை எடுங்க. இதுதான் நம்ம பாடம். எட்டுப் பேரும் இதையே மனப்பாடம் பண்ணுங்க."

"எல்லாரும் ஒண்ணையே சொன்னா..." என்று யாரோ இழுத்தாள்.

"சொன்னா என்ன? நான் இன்ஸ்டிட்யூட்ல படிச்சப்போ நாப்பது பேரும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிச்சோம். நாப்பது பேரும் பாஸ். இலக்கணம் மண்டைக்குள்ள ஏற முப்பது வருஷம் ஆகும், மனப்பாடம் பண்ண மூணு நாள் போதும். உங்க இஷ்டத்துக்குப் பேசினா தப்பு வரும். இதுல தப்பே இல்ல, நான் திருத்திட்டேன்."

புருல் வாயைத் திறந்தாள். டீச்சர் அதற்குள் கரும்பலகையில் எழுத ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டே மாமியாரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "நான் எழுதினதை எல்லாருக்கும் குடுத்துட்டாங்க அத்தை."

"குடுத்தா என்ன? போன வாரம் அசில்கானுக்குப் புளிச்ச மாவு குடுத்தே, நம்ம மாவு குறைஞ்சா போச்சு? வீடு கட்டறதுக்குத் தெருவே வந்து மண்ணு சுமக்குது, நீ நாலு வார்த்தைக்குக் கணக்கு பாக்கறியே. வெளியில சொல்லாதே, நம்மளைத்தான் கேவலமாப் பேசுவாங்க."

புருல் மாவை இன்னும் அழுத்திப் பிசைந்தாள்.

அன்றிலிருந்து தெருவெல்லாம் அந்தப் பாடம்தான். தார்ப்பாய் தார்ப்பாயாக உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டே பெண்கள் அதை ஒப்பித்தார்கள். கிணற்றடியில் ஒருத்தி "அம்மா கையை உள்ளே விட்டார்" என்பாள், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருத்தி "நான் ப்ளக்கைச் சொருகினேன்" என்று முடிப்பாள். ஐபீகேகூட அதைப் பாட்டாக்கிக் குதித்துக்கொண்டே பாடினாள். புருல் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு அடித்தாள் என்று குழந்தைக்கும் புரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்த பாத்மாவுக்கும் புரியவில்லை.

குபாத் நோட்டைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பாடம் கேட்டான். மாஸ்கோவில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தான், அர்த்தத்தை வரிவரியாக அவள்தான் சொன்னாள்.

"இதுல உங்கம்மா விரலை எதுக்கு இழுத்தே?" என்றான். "அது புல் வெட்டுற மெஷின்ல போனதுதானே?"

"ஆமா. பாடத்துக்காக மாத்தினேன்."

"பாவம், செத்தவங்க" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த வரியைக் கேட்டான்.

ஜனவரியில் ஜில்லா நூலகத்தில் பரீட்சை. பனியில் வேன் இரண்டு தடவை சறுக்கியது. சோனுன்பூ டீச்சரும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே மேஜை மேல் ஒரு லேப்டாப், அதில் இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி. பக்கத்தில் ஏஜென்சிப் பையன், கோட்டு சூட்டுக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டவன், பட்டியலோடு உட்கார்ந்திருந்தான். கதவு சரியாகச் சாத்தாததால் உள்ளே பேசுவது தாழ்வாரத்தில் நன்றாகவே கேட்டது.

பட்டியலில் முதல் பெயர் புருலுடையது. அவள்தான் முதலில் பெயர் கொடுத்திருந்தாள். பையன் தலையை நீட்டிக் கூப்பிட்டான்.

புருல் எழுந்தாள். எழுந்ததும் அசில்கானைப் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. கல்யாணமாகி வந்த ஏழு வருஷமாக எந்தக் கதவிலும் அவள் முதலில் நுழைந்ததில்லை.

"நான் போயிட்டு வந்துடட்டுமாடி?" என்றாள் அசில்கான். "பிரஷர் ஏறுது. உக்காந்துக்கிட்டே இருந்தா எல்லாம் மறந்துடும்."

"பெரியவங்க முதல்ல போகட்டும் தம்பி" என்று டீச்சரும் பையனிடம் சொன்னாள். "எங்க ஊர்ல அதுதான் முறை."

"போங்கக்கா" என்றாள் புருல். வாய் அதைத்தான் சொன்னது. அந்த ஒரு வார்த்தையை அவள் பிற்பாடு எத்தனை தடவை திரும்ப விழுங்கப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

அசில்கான் நடிப்பதற்கென்றே பிறந்தவள். ப்ளக்கைச் சொருகிய இடத்தில் கையைச் சுவரில் குத்தினாள், விரல் போன இடத்தில் விம்மினாள். லேப்டாப்பிலிருந்து "ஓ!" என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அந்தப் பெண்மணி மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. இரண்டாவது ஆளுக்கு "உங்க அம்மாவுக்குமா?" என்று ஒரு கேள்வி வந்தது. மூன்றாவது ஆளுக்குக் கேள்வியே வரவில்லை. நான்காவது ஆள் பாதியில் வெளியே வந்தாள். வயது வரிசைப்படி எல்லோரும் உள்ளே போனார்கள், வயது வரிசைப்படி வெளியே வந்தார்கள்.

கடைசியாகப் போய் உட்கார்ந்தாள். திரையில் இருந்த பெண்மணி கிழவியும் இல்லை, குமரியும் இல்லை. களைத்துப்போன முகம்.

"எங்கள் வீட்டில் ஒரு வாஷிங் மெஷின்..." என்று ஆரம்பித்தாள் புருல்.

பெண்மணி கையை உயர்த்தினாள். நிதானமாக என்னவோ சொன்னாள். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

"ஒன்பது விரல் அம்மாவுக்கு நீங்க எட்டாவது பிள்ளையான்னு கேக்கறாங்க" என்றான் பையன்.

புருல் லேப்டாப் பக்கம் குனிந்தாள். "என் அம்மா. என்னுடைய அம்மா" என்று இங்கிலீஷில் சொன்னாள். விளக்கு எப்போது வந்தது, டெலிபோன் எப்போது வந்தது எல்லாம் தெரியும். அவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் எந்தப் பாடத்திலும் இல்லை. பையனிடம் தன் பாஷைக்குத் தாவினாள். "தம்பி, அது நிஜமா எங்க அம்மா. நான்தான் எழுதினேன். நீங்க எடுத்துச் சொல்லுங்க."

"அக்கா, வெளிய நிக்கறாங்களே ஏழு பேர், அவங்கள்ல மூணு பேர் இதையே அழுதுகிட்டே சொன்னாங்க. நான் எதைன்னு எடுத்துச் சொல்றது? வேற ஏதாவது பேசுங்க. உங்க வாழ்க்கையில நிஜமா நடந்தது ஒண்ணைச் சொல்லுங்க, போதும்."

புருல் திரையைப் பார்த்தாள். ஓரத்தில் சின்னச் சதுரத்தில் அவள் முகமே தெரிந்தது. "முன்பு மக்கள் துணிகளைக் கையால் துவைத்தார்கள்" என்றாள்.

"தேங்க் யூ" என்றாள் பெண்மணி.

எட்டுப் பேரில் அசில்கானும் இரண்டாவதாகப் போனவளும் தேறினார்கள். வேனில் எல்லோரும் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். டீச்சர் மட்டும், "ஒரே பாடத்தைக் கேட்டுக் கோபப்படறாங்கன்னா அவங்க எந்த இன்ஸ்டிட்யூட்ல படிச்சாங்களோ" என்று ஜன்னலிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அசில்கான் புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம் அவள் வீட்டில் விருந்து. ஆடு அடித்தார்கள். தெரு மருமகள் என்ற முறையில் புருல் காலையிலேயே போய் ரொட்டி சுட்டு, மாவுத் துண்டுகளைப் பொரித்து, பெரிய வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தேநீர் ஊற்ற உட்கார்ந்தாள். அங்கே கிண்ணத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும். பாதி ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம், நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். நாற்பது பேருக்குப் பாதிப் பாதியாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளைக்காரிகிட்ட அப்படி என்னதான் சொன்னே?" என்று யாரோ கேட்டார்கள்.

அசில்கான் எழுந்து நின்று, முழுக் கதையையும் ஊர்ப் பாஷையில் நடித்துக் காட்டினாள். பாலாடை, வெண்ணெய், சுவர், ப்ளக். "அம்மான்னு ஒரு கத்து கத்தினேன் பாருங்க, அவ கைக்குட்டையை எடுத்துட்டா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பந்தியின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அசில்கானின் அம்மா இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"எண்ணிக்கோங்க மக்களே! லண்டன் போறதுக்காக எம் பொண்ணு எம் விரல்ல ஒண்ணை வித்துட்டா!"

பாத்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். புருல் அந்தப் பத்து விரலையும் பார்த்தாள். அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவளுக்குப் பத்து இருக்கிறது. கிண்ணத்தை எடுத்து ஊற்றினாள், விளிம்பு வரை ஊற்றினாள், அதை அசில்கானின் அம்மா கையில் கொடுத்தாள்.

சிரிப்பு ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக நின்றது.

"என்னடி இது!" என்றாள் பாத்மா. "வந்தவங்களைப் போகச் சொல்றியா?"

"கவனிக்கல அத்தை" என்று புருல் எழுந்து, அழுக்குக் கிண்ணங்களை அள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

குபாத் பின்னாலேயே வந்தான். உள்ளே எல்லோரும் சிரித்தபோது அவன் சிரிக்கவில்லை. அவள் தொட்டிப் பனியை உடைத்துக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"புருல். ப்ளக்கைப் போட்டது யாரு?"

"நான்தான். ஏழு வயசு."

அவன் ஒரு கிண்ணத்தை எடுத்துச் சட்டையில் துடைத்தான். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாச்சு. ஒரு வார்த்தை சொல்லலையேடி."

"சொன்னேனே. எட்டுப் பேரு சொன்னாங்க. யாரு நம்பினீங்க?"

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பயணம் போகிறவள் ரொட்டியை ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சத்தை ஆணியில் மாட்டி, திரும்பி வந்து தின்னும் வரைக்கும் வைத்திருப்பார்கள். புருல் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், காலையில் தான் சுட்ட ரொட்டியில் நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்து நீட்டினாள். அசில்கான் பெரிய வாயாகக் கடித்தாள்.

"உன் கை மணமே தனிடி" என்றாள் மென்றுகொண்டே. "கவலைப்படாதே, அடுத்த வருஷம் நீயும் வந்துடுவே. இந்தக் கதை இனிமே செல்லாது. வேற ஒண்ணு நல்லதா எழுதி வை."

"என்கிட்ட அது ஒண்ணுதான்க்கா இருந்துச்சு" என்றாள் புருல்.